கடனில்லாத பெருநாள்





புனித ரமழானின் இறுதிப் பத்து இரவுகளில் நமது கடைத்தெருக்கள் எவ்வாறு காட்சியளிக்கின்றன என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். அது கொழும்பு புறக்கோட்டையாக இருக்கலாம். காத்தான்குடி, கல்முனை, புத்தளம், பேருவளை என எந்த ஊராகவும் இருக்கலாம். தராவீஹ் தொழுகையின் கடைசி ஸலாம் கொடுக்கப்படுவதற்கு முன்பே புடைவைக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் கடை கடையாக ஏறி இறங்குகிறாள். அவளுடைய மூத்த மகளுக்குப் பிடித்த நிறம் எங்குமே கிடைப்பதில்லை. வெளியே வாசற்படியில் வாப்பா நின்றுகொண்டிருக்கிறார். அவருடைய கை அடிக்கடி சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறது. ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த ஓர் இரவைத் தேடும்படி நாம் ஏவப்பட்ட நாட்கள் அவை. அந்த நாட்களில் நாம் எதைத் தேடி அலைகிறோம் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

புத்தாடை அணிவது கூடாது என்றோ, பிள்ளைகளை மகிழ்விப்பது தவறு என்றோ சொல்வதற்காக நான் உங்கள் முன் வரவில்லை. அந்த வாப்பாவின் சட்டைப் பையைப் பற்றியே பேச விரும்புகிறேன். அதில் இருக்கும் பணம் யாருடையது? அது அவர் உழைத்துச் சேர்த்த பணமா, அல்லது மனைவியின் காப்பை அடகு வைத்துப் பெற்ற பணமா? அடுத்த ஐந்து மாதச் சம்பளத்தில் கழிக்கப்படப்போகும் முற்பணமா, அல்லது வாரந்தோறும் வீட்டு வாசலுக்கு வந்து வசூலிப்பவர்களிடம் பெற்ற கடனா?

நானறிந்த ஒரு சகோதரரின் கதையைச் சொல்கிறேன். அவர் எந்த ஊர், யார் என்பது நமக்குத் தேவையில்லை. கூலித் தொழில் செய்து நாலு பிள்ளைகளை வளர்த்தவர். பள்ளிவாசலுக்கு முன்னால் இருந்த கடையொன்றில் ஒரு நோன்புப் பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கான உடுப்புக்களைக் கடனாக எடுத்தார். கடைக்காரரும் நல்லவர்தான். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன் தந்தால் போதும் என்று கொடுத்தார். அந்த இரண்டு மாதங்களில் மழை பிடித்துக்கொண்டது, வேலையும் குறைந்துவிட்டது. முதல் தடவை கேட்டபோது அடுத்த வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை வந்தபோது, ஊரில் இருந்துகொண்டே ஊரில் இல்லை என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் செய்தார். அதன்பின் கடையைக் கடந்து போவதற்கு வெட்கப்பட்டு ஒழுங்கை வழியாகச் சுற்றிப் போனார். பிறகு சுபஹ் தொழுகைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். அந்த நேரத்தில்தான் கடைக்காரரும் பள்ளிக்கு வருவார்! ஒரு மாதம் நோன்பிருந்து, இரவில் நின்று வணங்கி, பள்ளிவாசலோடு உள்ளத்தைப் பிணைத்துக்கொண்ட ஒரு மனிதரை நான்கு சோடி உடுப்பின் விலை அந்தப் பள்ளிவாசலிலிருந்தே பிரித்துவிட்டது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தமது தொழுகையில் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுபவர்களாக இருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. கடனிலிருந்து இவ்வளவு அதிகமாக ஏன் பாதுகாப்புத் தேடுகிறீர்கள் என்று ஒருவர் வினவியபோது, கடன்பட்டவன் பேசும்போது பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் மாறுசெய்ய நேர்கிறது என்ற கருத்தில் நபியவர்கள் விடையளித்தார்கள். நான் சொன்ன சகோதரர் இயல்பில் பொய்யர் அல்லர். அவரைப் பொய்யராக்கியது எது என்பதை இந்த நபிமொழி நமக்கு விளங்கவைக்கிறது. அவருடைய எட்டு வயதுப் பிள்ளையும் வாசலில் நின்று அன்றுதான் முதல் பொய்யைக் கற்றுக்கொண்டது.

கடன் வாங்குவதே ஹராம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நபியவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரிந்தபோது அவர்களின் போர்க்கவசம் ஒரு யூதரிடம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது. அது குடும்பத்தின் உணவுக்காக வாங்கியது. பசிக்கும் நோய்க்கும் கல்விக்கும் மனிதன் கடன்பட நேரலாம். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு வாங்குபவனுக்கு அல்லாஹ் உதவுவான் என்ற நற்செய்தியும் நமக்கு உண்டு. அதே நபியவர்கள்தாம், கடனோடு மரணித்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது தாம் தொழுவிக்காது தோழர்களைத் தொழும்படி சொன்னார்கள் என்பதையும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் பொறுப்பேற்பதாகக் கூறிய பின்னரே தொழுவித்தார்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அல்லாஹ்வின் பாதையில் உயிர்நீத்த ஷஹீதின் பாவங்களெல்லாம் மன்னிக்கப்பட்டாலும் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்று முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. இத்தனை பாரமான ஒன்றை நாம் எதற்காகத் தலையில் ஏற்றுகிறோம்? ஒரு பகல் பொழுதில் அழுக்காகிவிடும் உடைக்காகவா?

இனி, பெருநாள் நம்மிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். ஷவ்வால் பிறை கண்டதும் தக்பீர் சொல்ல வேண்டும். அதற்குச் செலவில்லை. பெருநாள் தொழுகைக்கு முன் ஸதகத்துல் பித்ரைக் கொடுக்க வேண்டும். தலைக்கு ஒரு ஸாஉ. நமது நாட்டில் அரிசியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. அன்றைய உணவுக்கு மேல் மிச்சமில்லாத ஏழைக்கு அதுவும் கடமையில்லை. அவர் பெற்றுக்கொள்பவராக இருப்பார். குளித்துச் சுத்தமாக வேண்டும். நோன்புப் பெருநாளில் தொழுகைக்குப் போகுமுன் ஒற்றைப்படையாகச் சில பேரீச்சம்பழங்களை உண்பது நபிவழி. ஒரு வழியால் சென்று வேறு வழியால் திரும்புவதும் நபிவழி. உறவினரைச் சந்திப்பதும், அயலவரோடு உண்பதும், மகிழ்வதும் உண்டு. இந்தப் பட்டியலில் கடன் வாங்கிச் செய்ய வேண்டியது எது என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

ஆடை விடயத்தில் மார்க்கம் மௌனமாக இல்லை. கடைத்தெருவில் விற்கப்பட்ட ஒரு பட்டு அங்கியை உமர் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் கொண்டுவந்து, பெருநாளைக்கும் தூதுக்குழுக்களை வரவேற்பதற்கும் இதை வாங்கி அணிந்தால் நன்றாயிருக்குமே என்றார்கள். அது பட்டு என்பதால் நபியவர்கள் மறுத்தார்கள். பெருநாளில் அலங்கரித்துக்கொள்வதை மறுக்கவில்லை என்பதை அறிஞர்கள் இதிலிருந்து விளங்கியுள்ளனர். இப்னு உமர் (ரலி) அவர்கள் இரு பெருநாட்களிலும் தம்மிடமுள்ள ஆடைகளில் அழகானதை அணிவார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. ‘தம்மிடமுள்ள’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சென்ற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எடுத்த சட்டையைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் அழுத்தி அணிந்தால் அதுவும் பெருநாள் உடுப்புத்தான்.

இதைவிட என் உள்ளத்தைத் தொட்ட இன்னொரு செய்தி உண்டு. பெண்களும் பெருநாள் திடலுக்கு வரவேண்டும் என்று நபியவர்கள் ஏவியபோது, எங்களில் ஒருத்திக்கு மேலங்கி இல்லையென்றால் என்ன செய்வது என்று கேட்கப்பட்டது. உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வீட்டிலேயே இருக்கட்டும் என்று நபியவர்கள் சொல்லவில்லை. கடன்பட்டாவது ஒன்றை வாங்கட்டும் என்றும் சொல்லவில்லை. அவளுடைய தோழி தன் மேலங்கியிலிருந்து அவளுக்கு அணிவிக்கட்டும் என்ற கருத்திலேயே பதிலளித்தார்கள்.

இல்லாதவளின் பிரச்சினைக்கான விடையை நபியவர்கள் இருப்பவளிடம் கேட்டார்கள். நாமோ தலைகீழாக நடக்கிறோம். இருப்பவர் தம் பிள்ளைக்கு மூன்று சோடி எடுத்து, காலைக்கு ஒன்று, பின்னேரத்துக்கு ஒன்று, மறுநாளைக்கு ஒன்று என உடுத்திப் பக்கத்து வீட்டுக்கும் அனுப்பிக் காட்டுகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை உம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. உம்மா தன் காதணியைப் பார்க்கிறாள். அந்தக் காதணி மறுநாள் அடகுக்கடைக்குப் போவதற்கு, மூன்று சோடி எடுத்தவரும் ஒரு காரணம் இல்லையா? அவர் ஹலாலான பணத்தில்தான் வாங்கினார், சகாத்தும் கொடுத்தார். என்றாலும் ஓர் ஊரின் பெருநாள் எவ்வளவு விலை உயர்ந்ததாக ஆகிறது என்பதைத் தீர்மானிப்பவர்கள் வசதியுள்ளவர்களே. வசதியுள்ள பத்துக் குடும்பங்கள் எளிமையாக உடுத்தினால் ஊரில் நூறு அடகுச் சீட்டுக்கள் குறையும் என்பது என் எண்ணம்.

அடகைப் பற்றிச் சொன்னதால் ஒரு கணக்கையும் பார்த்துவிடுவோம். பேச்சுக்காக ஒரு குடும்பம் பெருநாளைக்கென 60,000 ரூபாவுக்கு நகை அடகு வைப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு நூற்றுக்கு 3 ரூபா வட்டி என்றால் மாதமொன்றுக்கு 1,800 ரூபா. ஒரு வருடம் மீட்காமல் விட்டால் வட்டி மட்டும் 21,600 ரூபா. அசல் 60,000 அப்படியே நிற்கும். வட்டியாகப் போன அந்தப் பணத்தைக் கொண்டே அடுத்த பெருநாளைக்குப் பிள்ளைகள் எல்லோருக்கும் அளவோடு உடுப்பு எடுத்திருக்கலாம். மீட்க முடியாமல் நகை ஏலத்துக்குப் போகும்போது, மஹராகக் கிடைத்த தங்கமும் மகளுக்கென்று வைத்திருந்த தங்கமும் கையை விட்டுப் போய்விடும். இது உலகக் கணக்கு. அல்லாஹ்வும் ரஸூலும் போர்ப் பிரகடனம் செய்த வட்டியின் பணத்தில், அல்லாஹ்வுக்காக நோன்பு நோற்றதன் மகிழ்ச்சியைக் கொண்டாடுவது எவ்வளவு பெரிய முரண்பாடு!

இன்னொன்றையும் நாம் கவனிப்பதில்லை. ஷவ்வால் முதலாம் நாளிலிருந்து துல்ஹஜ் பத்தாம் நாள் வரை இருப்பது ஏறத்தாழ 68 நாட்கள் மட்டுமே. நோன்புப் பெருநாளின் கடனில் இரண்டு தவணை கட்டி முடிக்கும்போது ஹஜ்ஜுப் பெருநாள் வாசலில் நிற்கிறது. அதற்கொரு கடன்! அதனிடையே பாடசாலைத் தவணை ஆரம்பித்துவிட்டால் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் இன்னொரு கடன். வருடத்தில் பத்து மாதங்கள் வாப்பாவின் முகத்தில் சிரிப்பைக் காணாத பிள்ளைக்கு, இரண்டு நாட்களில் அணிந்த உடுப்பு எந்த மகிழ்ச்சியைக் கொடுத்திருக்கும்?

அரச ஊழியர்களுக்கும் சில தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் கிடைக்கும் பண்டிகை முற்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வட்டியில்லாமல் கிடைக்குமானால் மார்க்க ரீதியில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அது மேலதிகப் பணம் அல்ல, வரப்போகும் மாதங்களின் சோறு என்பதை மனதில் வைத்துச் செலவழியுங்கள்.

நுண்கடன் விடயம் அவ்வாறல்ல. நமது நாட்டில் பல பெண்கள் குழுக் குழுவாக நுண்கடன் பெற்று, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் பெற்று, வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிந்திருந்த கதைகளை நாம் அறிவோம். நிலைமை எந்த அளவுக்குப் போனதென்றால், 2018ஆம் ஆண்டில் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களிலிருந்து நிவாரணம் வழங்க அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. தையல் இயந்திரம் வாங்கவும் கோழி வளர்க்கவும் பெற்ற கடன்களே இவ்வாறு கழுத்தை நெரித்தன என்றால், வட்டிலாப்பத்துக்கும் அபாயாவுக்கும் பெற்ற கடன் எவ்வாறு அடைபடும்?

அதன் பிறகு 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வருடம் செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. பணவீக்கம் பின்னர் குறைந்தது. ஆனால் ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. பத்து வருடங்களுக்கு முன் உம்மா வீட்டில் நடந்த பெருநாளைப் போலவே இன்றும் நடத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அன்று பத்து முட்டைக்கும் கித்துள் கருப்பட்டிக்கும் தேங்காய்க்கும் கொடுத்த விலையும், இன்று கொடுக்கும் விலையும் ஒன்றல்ல. ஒரு சட்டி வட்டிலாப்பத்தை இரண்டு வீட்டார் சேர்ந்து செய்து பகிர்ந்துகொண்டால் அதன் இனிமை குறைந்துவிடுமா? பக்கத்து வீட்டில் வட்டிலாப்பம் என்றால் நம் வீட்டில் சோறு என்று பேசி வைத்துக்கொள்வதில் என்ன இழுக்கு இருக்கிறது?

செலவில்லாத பெருநாளை நாம் காணாதவர்களும் அல்லர். 2020ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாளை நினைவுகூருங்கள். கொவிட் தொற்றினால் பள்ளிவாசல்களில் கூட்டுத் தொழுகை இல்லை. கடைத்தெருவுக்குப் போக வழியில்லை. காலிமுகத்திடலில் தொழுகை இல்லை. வாப்பா இமாமாக நின்று, உம்மாவும் பிள்ளைகளும் பின்னால் நிற்க, வீட்டு மண்டபத்திலேயே தக்பீர் முழங்கினோம். கையில் உள்ளதை உடுத்தினோம், இருந்ததைச் சமைத்தோம். அந்தப் பெருநாளில் கவலைகள் பல இருந்தன என்பது உண்மைதான். ஆனாலும் உடுப்பு இல்லாததால் பெருநாள் வரவில்லை என்று எந்தப் பிள்ளையும் சொல்லி நான் கேட்கவில்லை. யாரிடமும் புதிது இல்லாதபோது யாருக்கும் குறையும் இல்லை.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டின் வருமானம் என்ன, பெருநாளைக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்பதை விளங்கக்கூடிய வயதுப் பிள்ளைகளோடு ரமழானுக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். இவ்வளவுதான் இருக்கிறது, இதை நாம் எவ்வாறு பங்கிடுவோம் என்று கேளுங்கள். வறுமையைப் பிள்ளைகளிடம் மறைப்பதே பாசம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை தெரிந்த பிள்ளை பல நேரங்களில் நம்மைவிடப் பெருந்தன்மையாக நடந்துகொள்வதை ஓர் ஆசிரியனாக நான் கண்டிருக்கிறேன். எனக்குச் செருப்பு வேண்டாம், தம்பிக்கு எடுங்கள் என்று சொல்லும் மகள் நம் வீடுகளில் இருக்கிறாள். அவளிடம் யாரும் கேட்காததால்தான் அவள் சொல்லவில்லை. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், வாழ்வாதாரம் சுருக்கப்பட்டவர் அல்லாஹ் தமக்குக் கொடுத்ததிலிருந்தும் செலவிட வேண்டும். எந்த ஆன்மாவையும் அதற்குக் கொடுக்கப்பட்டதற்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்பது ஸூரத்துத் தலாக்கின் போதனை. அல்லாஹ் வைக்காத சுமையை நாமே நம்மீது வைத்துக்கொள்வது ஏன்?

மணமுடித்துக் கொடுத்த மகளின் புகுந்த வீட்டுக்கு நோன்பு காலத்தில் தட்டுத் தட்டாகத் தின்பண்டம் அனுப்புவதும், முதற்பெருநாளைக்கு மருமகனுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் உடுப்பெடுத்துக் கொடுப்பதும் பல ஊர்களில் எழுதாத சட்டமாகிவிட்டன. அன்பளிப்புக் கொடுப்பது ஸுன்னத்துத்தான். ஆனால் அனுப்பாவிட்டால் மகளைக் குத்திப் பேசுவார்களே என்ற பயத்தில் அனுப்புவது அன்பளிப்பாகுமா? பெண் வீட்டாரைப் பார்த்து இதை நிறுத்துங்கள் என்று சொல்வதில் பயனில்லை. அவர்களால் நிறுத்த முடியாது. அவர்களுடைய பிள்ளை அந்த வீட்டில் இருக்கிறாள். ஆகவே ஆண் மக்களைப் பெற்ற தாய்மார்களே, மருமகன்களே, நான் உங்களிடம்தான் கேட்கிறேன். இந்த வருடம் ரமழான் பிறக்குமுன் ஒரு தொலைபேசி அழைப்பை எடுத்து, எங்களுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம், நீங்கள் ஒரு நாளைக்கு எங்களோடு வந்து நோன்பு திறவுங்கள் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையால் ஒரு வயோதிபத் தகப்பனின் கடன் எவ்வளவு குறையும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

இளைஞர்களே! உங்களுக்கும் பெருநாளுக்குமான உறவை நான் குறைத்துப் பேசமாட்டேன். பெருநாளில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு விளையாடியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை அதைப் பார்க்க நபியவர்கள் இடமளித்ததையும் நாம் படித்திருக்கிறோம். மகிழ்வதற்கே அந்த நாள் உண்டு. ஆனால் கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தி, பொருளை இன்று எடுத்துப் பணத்தை மூன்று தவணையாகக் கட்டலாம் என்ற வசதி இப்போது உங்கள் விரல் நுனிக்கு வந்துவிட்டது. தவணை தவறினால் என்ன அறவிடுகிறார்கள் என்பதை வாங்குவதற்கு முன் வாசித்தீர்களா? தாமதக் கட்டணம் என்ற பெயரில் வருவதும் பெரும்பாலும் வட்டியின் வேறொரு முகமே. பெருநாளன்று வாடகை மோட்டார் சைக்கிளில் வேகமாக ஓடிக் காட்டுவதையும், வாப்பாவின் பணத்தில் வான் பிடித்து நுவரெலியாவுக்குப் போய் வருவதையும் பெருநாளின் ருக்னுகள் போல ஆக்கிக்கொள்ளாதீர்கள். கடற்கரையும் ஆற்றங்கரையும் விளையாட்டு மைதானமும் நம் ஊர்களில் இருக்கின்றன. ஒரு பந்தும் பத்து நண்பர்களும் போதாதா? உழைக்கத் தொடங்கியவர்களாக நீங்கள் இருந்தால், முதற் சம்பளத்தில் தம்பி தங்கையின் பெருநாள் உடுப்பை நீங்கள் பொறுப்பெடுத்துப் பாருங்கள். உம்மா உங்களைப் பார்க்கும் பார்வையிலேயே பெருநாள் இருக்கும்.

உழ்ஹிய்யாவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி அது வலியுறுத்தப்பட்ட ஸுன்னத்து. வசதியற்றவர் கடன்பட்டுக் கொடுக்க வேண்டிய ஒன்றல்ல. நபியவர்களின் காலத்தில் ஒருவர் தமக்கும் தம் குடும்பத்தினர் அனைவருக்குமாக ஓர் ஆட்டை அறுப்பார், பிற்காலத்தில்தான் மக்கள் ஒருவரோடொருவர் பெருமைக்குப் போட்டியிடத் தொடங்கினர் என்று அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்கள் கவலையோடு குறிப்பிட்டார்கள். ஸஹாபியின் கண்முன்னே ஆரம்பித்துவிட்ட போட்டி அது! ஒரு மாட்டில் ஏழு பேர் சேரலாம் என்ற சலுகை இருக்கும்போது, யாருடைய மாடு பெரியது என்று பார்ப்பது யாருக்காக? இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, நமது இறையச்சமே அவனை அடைகிறது என்பதை ஒவ்வொரு வருடமும் குத்பாவில் கேட்கிறோம்.

ஏற்கெனவே கடனில் இருப்பவர் என்ன செய்வது? முதலாவதாக, இந்தப் பெருநாளைக்கு அதன்மேல் இன்னொன்றை ஏற்றாதிருங்கள். இரண்டாவதாக, கடன் கொடுத்தவரைக் கண்டு ஒளியாதீர்கள். நேரில் சென்று நிலைமையைச் சொல்லி, சிறு தொகையாக இருந்தாலும் ஒரு தவணையைப் பேசிக்கொள்ளுங்கள். அதை இரு சாட்சிகளோடு எழுதியும் வையுங்கள்; குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைப்பது பற்றியதுதான். கடன் கொடுத்தவர்களே, சிரமத்திலிருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தள்ளுபடி செய்தால் அது உங்களுக்கு இன்னும் நல்லது என்பதும் குர்ஆன் நமக்குச் சொல்லும் வழி. பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் தனவந்தர்களும் சகாத்தைப் பங்கிடும்போது கடனாளிகளும் அந்த எட்டுக் கூட்டத்தாரில் ஒரு கூட்டத்தார் என்பதை மறவாதிருக்க வேண்டும். பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாத அழகிய கடன் கொடுத்து, அடகிலுள்ள ஒரு தாயின் நகையை மீட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டை உங்கள் மஹல்லாவில் ஆரம்பித்துப் பாருங்கள்.

நான் முதலில் சொன்ன அந்தச் சகோதரரின் விடயமும் அவ்வாறுதான் முடிந்தது. அவர் சுபஹுக்கு வராததை ஒரு பெரியவர் கவனித்து, வீடு தேடிச் சென்று காரணத்தைக் கேட்டறிந்தார். கடைக்காரரோடு பேசி, மாதம் ஒரு தொகை என்று முடிவானது. கடைக்காரர் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். மறுநாள் சுபஹில் இருவரும் ஒரே ஸஃப்பில் நின்றார்கள்.

அடுத்த பெருநாளைக்கான ஆயத்தத்தை எப்போது ஆரம்பிப்பது என்று கேட்டால், இந்தப் பெருநாள் முடிந்த மறுநாள் என்று சொல்வேன். சந்திர வருடத்துக்கு 354 அல்லது 355 நாட்கள். நாளொன்றுக்கு 50 ரூபாவை ஓர் உண்டியலில் போட்டால் அடுத்த நோன்புப் பெருநாளைக்கு 17,700 ரூபா இருக்கும். 100 ரூபா போட முடிந்தால் 35,400 ரூபா. அயலிலுள்ள பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து, கழிவோ ஏலமோ இல்லாத சாதாரண சீட்டொன்றைப் பிடித்து, கடைசிச் சீட்டுக்கள் ஷஃபானில் விழும்படி வைத்துக்கொள்ளலாம். உடுப்பை ரமழானுக்கு முன்பே, சனநெரிசல் இல்லாதபோது எடுத்துவிட்டால் விலையும் குறையும், இறுதிப் பத்து இரவுகளும் கைக்குக் கிடைக்கும். ஷவ்வாலின் ஆறு நோன்பை நோற்கத் தொடங்கும் அன்றே ஒரு பழைய பால்மா டின்னை எடுத்து, மூடியில் ஒரு துளையிட்டு, முதல் நாணயத்தை உங்கள் வீட்டின் கடைக்குட்டியின் கையால் போடச் செய்யுங்கள்.